திருப்பிச் சொல்லுங்க சார்

புதுக்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர்ப்பலகையில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. ஊருக்கு அது டாக்டரம்மா ஆஸ்பத்திரி. முப்பது கட்டில், ஒரு எக்ஸ்ரே அறை, ஒரு மருந்துக்கடை, வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு மேசை, மேசைமேல் போன், போனுக்குப் பின்னால் ஷர்லி. பதினாலு வருசமாக இப்படித்தான். போன் மூன்று முறை மாறிவிட்டது, ஷர்லி மாறவில்லை.

அங்கே திங்கட்கிழமை காலையில் ஒரு கூட்டம் நடக்கும். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் கேட்பதில்லை. கேட்டால் புரியவில்லை என்று ஆகிவிடும். புரியவில்லை என்றால் வேலை தெரியாதவர் என்று ஆகிவிடும். எதற்கு வம்பு? எல்லோரும் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு, "அவரு என்ன சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். டாக்டரம்மா ஆஸ்பத்திரியின் உண்மையான கூட்டம் அந்த வாசலில்தான் நடக்கும்.

அப்படியொரு திங்கட்கிழமைதான் அந்தப் பேச்சு விழுந்தது. மேனேஜர் சரவணக்குமார், கத்தாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபீசில் ஒன்பது வருசம் இருந்துவிட்டு வந்தவர், கூட்டம் முடிகிற நேரத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துகொண்டே, "நம்மளும் ஏஐ கொண்டாந்துரணும். எல்லாரும் யோசிச்சு வைங்க" என்றார். டாக்டர் பரிமளா, அவர்தான் டாக்டரம்மா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாம் ஆமாம் செய்ய வேண்டும் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஷர்லியும்தான் ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளைக் கேட்டிருந்தால் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்காது.

மருந்துக்கடை வாசலில் அது ஆளுக்கொரு உருவம் எடுத்தது. மருந்துக்கடைத் திருப்பதி, டாக்டரம்மாவின் கையெழுத்தைப் படித்துப் படித்துக் கண்ணாடி பவரை இரண்டு முறை ஏற்றியவர். ஏஐ என்றால் அந்தக் கையெழுத்தை அதுவே படித்துச் சொல்லிவிடும், தனக்கு விடுதலை என்று முடிவு கட்டிவிட்டார். எக்ஸ்ரே கண்ணன், படத்தை அதுவே பார்த்து எந்த எலும்பு ஒடிந்தது என்று சொல்லப் போகிறது, புது மெஷின் வரும், ஏசி ரூம் கேட்கலாம் என்றான். வாட்ச்மேனுக்கு, வாசலில் மாட்டப் போகிற கேமரா ஆளைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடும் என்று தகவல். அவர் அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டு வரத் தொடங்கினார், கேமராவில் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று.

ஷர்லிக்கு விவரம் சொன்னது கண்ணன்தான். நல்ல பையன், கெட்ட எண்ணம் கிடையாது, வாய்தான் கொஞ்சம் முந்தும். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் போனை மெஷினே எடுத்துப் பேசுகிறதாம், வணக்கம் சொல்கிறதாம், எந்த டாக்டர் எத்தனை மணிக்கு என்று ஒப்பிக்கிறதாம். "நீங்க எழுதி வச்சிருக்கீங்கள்லக்கா, அந்த நோட்டு, அதக் குடுத்தாப் போதும். அதப் படிச்சு அதுவே எல்லாரையும் கூப்புட்டுக்கிரும்" என்றான். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

ஷர்லிக்கு நாற்பத்தொரு வயது. புருசன் செந்தமிழன் சிங்கப்பூரில் சாரத்திலிருந்து விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு வந்து நான்கு வருசம் ஆகிறது. பெரியவள் பன்னிரண்டாவது, சின்னவன் ஒன்பதாவது. அந்த நாற்காலி போனால் இந்த வயதில் வேறு நாற்காலி போட்டு யார் உட்கார வைப்பார்கள்? வேலை போகும் என்பதுகூட இரண்டாவதுதான். தான் எழுதியதைப் படித்தே அது தன்னை வெளியே அனுப்பப் போகிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் பச்சை அட்டை போட்ட நோட்டு, இது ஒன்பதாவது. யார் எந்தத் தேதிக்குத் திரும்ப வர வேண்டும், யாருக்கு எப்போது மாத்திரை தீரும் என்று அதில் இருக்கும். அது எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கும். இதில் அதற்கு மேலேயும் இருக்கும். குடுமியான்மலை அம்மாவுக்குக் காது மந்தம், மருமகள் நம்பருக்குப் போட வேண்டும். சித்தன்னவாசலில் சுற்றுலாக்காரர்களுக்கு இளநீர் வெட்டுகிறவர் பத்து மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார், அவரை மட்டும் காலையிலேயே கூப்பிட வேண்டும். இன்னாருக்கு மகன் பேச்சு எடுக்கக் கூடாது, அழுதுவிடுவார். சாயங்காலம் நான்கு மணிக்கு ஷர்லி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். "என்னங்கய்யா, நாளைக்கு வரணுமே, ஞாபகம் இருக்கா?" இதை அவளைச் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. செய்ய வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு மறுநாளிலிருந்து ஷர்லி எழுதுவதை நிறுத்திவிட்டாள். நோட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள். மெஷின் படிக்க வேண்டும் என்றால் என் தலையைத் திறந்து படிக்கட்டும் என்று ஒரு வீம்பு. புதிதாக வந்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டாள். பதினாலு வருசம் பழகிய மனசு, முக்கால்வாசியை வைத்துக்கொண்டது.

கால்வாசியில்தான் வல்லத்திராக்கோட்டை செல்லமுத்து இருந்தார்.

செல்லமுத்து ஆறு வருசமாகச் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிறவர், அறுபத்தைந்து வயது, இரண்டு மா நிலம். வேலி ஓரம் கருவேல முள் ஒன்று பாதத்தில் ஏறி, பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அது புண்ணாகித்தான் வந்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்ற வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். முதல் கட்டுக்குப் பிறகு ஆளைக் காணோம். பதினோராம் நாள் ஒரு ஆட்டோவில் மனைவி அழகம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கால் வீங்கி, கட்டை விரல் பக்கம் நிறம் மாறியிருந்தது. தள்ளு நாற்காலி தன் மேசையைத் தாண்டிப் போகும்போது ஷர்லிக்குப் பளிச்சென்று எல்லாம் ஞாபகம் வந்தது, தேதி முதற்கொண்டு. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். போனில் யாரும் இல்லை.

இதெல்லாம் நடந்தபோது பொற்கொடி சிஸ்டர் ஊரில் இல்லை. தங்கை பிரசவத்துக்கு அறந்தாங்கி போயிருந்தாள், இருபத்தைந்து நாள் லீவு. இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமையே வேறு மாதிரி போயிருக்கும் என்று ஷர்லி பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

பொற்கொடி அங்கே நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி. ஷர்லியைவிட மூன்று வயது சின்னவள், ஆள் ஒல்லி, குரல் உயராது. அவளுக்கு ஒரு பழக்கம். டாக்டர் போனில் ஒரு மருந்து சொன்னால் அதை எழுதிக்கொள்வாள், எழுதியதை அப்படியே திருப்பி வாசிப்பாள், டாக்டர் "சரி" என்று வாய் திறந்து சொன்னால்தான் மருந்துப் பக்கம் கை போகும். நர்ஸ் படிப்பில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். செய்கிறவர்கள் எத்தனை பேர்? ஒருமுறை மதுரையிலிருந்து வந்துபோகிற ஒரு பெரிய டாக்டர் காரில் போய்க்கொண்டே போனில் ஒரு ஊசி சொன்னார். இவள் கட்டில் நம்பர், பெயர், மருந்து, அளவு என்று திருப்பிச் சொன்னாள். அவருக்குக் கோபம், நான் சொன்னது உனக்குப் புரியவில்லையா என்று. "புரிஞ்சுச்சு சார். நான் புரிஞ்சுக்கிட்டதும் நீங்க சொன்னதும் ஒண்ணுதானான்னு கேக்குறேன்" என்றாள் பொற்கொடி. பிறகுதான் அவர், ஐந்தாம் நம்பரா, இல்லையம்மா, அது ஏழாம் நம்பர்காரருக்கு என்றார். ஐந்தாம் நம்பரில் படுத்திருந்தவருக்கு அந்த ஊசி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே ஷர்லிக்குப் பயம். அன்றிலிருந்து பொற்கொடி திருப்பிச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

லீவு முடிந்து வந்த அன்று காலையில் பொற்கொடி வழக்கம்போல என்ன நடந்தது என்று விசாரித்தாள். திருப்பதி ஒரு ஏஐ சொன்னார், கண்ணன் ஒரு ஏஐ சொன்னான், வாட்ச்மேன் ஒன்று சொன்னார். ஷர்லியிடம் வந்தபோது ஷர்லி, "வருதாம் சிஸ்டர். நான் போறேன்" என்றாள். பொற்கொடி அவளை ஒரு நிமிசம் பார்த்தாள். "யாரு போகச் சொன்னா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் ஷர்லிக்கே உறைத்தது. ஆனாலும் நோட்டைப் பற்றியோ செல்லமுத்துவைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை. பயம் ஆளை அப்படிப் பண்ணும்.

ஒன்பது மணிக்குக் கூட்டம். சரவணக்குமார் எழுந்திருக்கப் போகிற நேரம் பார்த்துப் பொற்கொடி, ஒரு நிமிசம் உட்காருங்கள் சார் என்றாள். அவர் உட்கார்ந்தார். பழைய டெம்பரேச்சர் சார்ட் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஏஐ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் அது வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும், தான் எழுதித் திருப்பிச் சொல்லுவேன் என்றாள். ஏஐ என்கிற வார்த்தையைச் சொல்லாமல் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னாள். அந்த அறையில் அப்படி ஒருவர் கேட்டு ஷர்லி பார்த்ததில்லை. கேட்டதில் குத்தல் இல்லை, சவால் இல்லை, மருந்தின் அளவைக் கேட்கிற அதே குரல்தான்.

திருப்பதி முதலில் மாட்டினார். கையெழுத்தைப் படிக்கும் என்றார். இப்போது படிக்க முடியவில்லை என்றால் என்ன செய்கிறீர்கள் என்று பொற்கொடி கேட்டாள். மாடி ஏறிப் போய் மேடத்தைக் கேட்பேன் என்றார். அது தப்பாகப் படித்துச் சொன்னால் மாடி ஏறுவீர்களா என்று கேட்டாள். திருப்பதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொற்கொடி அதையும் திருப்பி வாசித்தாள்: திருப்பதி அண்ணன் இனி மாடி ஏற மாட்டார், மெஷின் சொன்னதை எடுத்துக் கொடுப்பார், தப்பு இருந்தால் நோயாளி கண்டுபிடிப்பார், சரியா. சாதாரணமாகத்தான் வாசித்தாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் கையெழுத்துக்கு ஒரு மெஷின் வாங்குவது கேவலம், நாளையிலிருந்து டைப் அடித்தே கொடுத்துவிடுகிறேன் என்றார். பன்னிரண்டு வருசமாகத் திருப்பதி கேட்க நினைத்துக் கேட்காத ஒன்று இரண்டு நிமிசத்தில் முடிந்தது.

கண்ணனின் எக்ஸ்ரே கதை கொஞ்சம் நீண்டது. அது பார்த்துச் சொல்லும் என்றான். யாரிடம் சொல்லும் என்று பொற்கொடி கேட்டாள். அதை அவன் யோசித்திருக்கவில்லை. கடைசியில், டாக்டரம்மா படத்தைப் பார்த்து முடிவு எழுதிய பிறகு அது என்ன சொல்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி பார்க்கலாம், நோயாளியின் கையில் நேராகப் போகாது என்று வந்து நின்றது. டாக்டரம்மாவே, இது உண்மையிலேயே எனக்கு உதவும், எனக்கும் வயதாகிறது என்றார். ஏசி ரூம் பற்றிக் கண்ணன் பேச்சு எடுக்கவில்லை.

பிறகு பொற்கொடி சரவணக்குமார் பக்கம் திரும்பினாள். ஷர்லி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

அவர் முதலில் பிடி கொடுக்காமல் பேசினார். சர்வீஸ் முன்னேறும், எஃபிஷியன்சி கூடும், எல்லா இடத்திலும் வந்துவிட்டது. பொற்கொடி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள், எழுதவில்லை. "அது எனக்குத் திருப்பிச் சொல்ல வரலை சார். எதை எடுத்துட்டு எதை வைக்கப் போறீங்க, அதச் சொல்லுங்க" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, சரவணக்குமாரும் நல்ல மனிதர்தான். மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஷர்லியைப் பார்த்து, முதலில் இந்த போன் சீட்டை எடுத்துவிடத்தான் நினைத்தேன் அக்கா என்று நேராகச் சொன்னார். கத்தாரில் அப்படித்தான் இருந்தது, அதை அப்படியே இங்கே நினைத்துவிட்டேன் என்றார். பயந்தது சரிதான் என்று தெரிவதில்கூட ஒரு நிம்மதி இருக்கும்போல, அது ஷர்லிக்கு ஒரு விநாடி வந்து போனது.

ஆனால் இப்போது அதைவிட வேறு ஒன்றுதான் மனதை அரிக்கிறது என்று அவர் தொடர்ந்தார். மேலே ஒன்பதாம் நம்பரில் படுத்திருக்கிற செல்லமுத்து. பதினோரு நாள் அவர் வரவில்லை, இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. மெஷினாக இருந்தால் மறந்திருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருகிற போனையும் இங்கே யாரும் எடுப்பதில்லை, அதையும் அது எடுத்து எழுதி வைக்கும். செல்லமுத்துவைப் பார்த்ததிலிருந்து தனக்குத் தூக்கம் சரியில்லை என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த அறையில் அன்றைக்குத்தான் அவர் என்ன நினைக்கிறார் என்று முழுதாகச் சொன்னார்.

பொற்கொடி எழுதி முடித்துவிட்டு வாசித்தாள். "செல்லமுத்து ஐயா பதினோரு நாள் கட்டு மாத்த வரலை. நம்ம யாரும் கூப்புடலை, ஏன்னா மனுசங்க மறந்துட்டோம். மெஷின் மறக்காது. அதுக்காகத்தான் இது வேணும். நான் சொன்னது சரியா சார்?"

அவர் சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

"சரியில்லைங்க சிஸ்டர்" என்றாள் ஷர்லி.

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கே தன் குரல் யாருடையதோ போல் கேட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். கேட்க ஆள் இல்லை, எழுதிய சாட்சி இல்லை, நோட்டு பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கிறது. பேசினால் போன் சீட்டு இன்றைக்கே போகும். ஆனால் அந்த சார்ட்டின் பின்பக்கத்தில் பொற்கொடி தன் குண்டுக் கையெழுத்தில் ஒரு பொய்யை எழுதி வைத்திருக்கிறாள், அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. ஊசி போடுவதற்கு முன்னால் எல்லோரையும் தடுத்து நிறுத்திக் கேட்கிற பெண்ணிடம் தப்பான அளவைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க ஷர்லியால் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணன் சொன்னது, நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனது, எழுதாமல் விட்டது, வீம்பு, பயம், செல்லமுத்து தள்ளு நாற்காலியில் போனபோது போனைக் காதில் வைத்துக்கொண்டு நடித்தது வரைக்கும். "நான் மறக்கலை சார். மறக்குற மாதிரி நானே பண்ணிக்கிட்டேன்" என்று முடித்தாள். கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், அதுதான் கஷ்டம். அது அவருடைய கால், ஷர்லி, என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "வெரலு தப்பிச்சது மருந்தால. நம்மளால இல்ல" என்றார். ஷர்லி அழவில்லை. அழுதால் அதையும் காரணமாக வைத்துத் தப்பிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொற்கொடி எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தாள். கீழே வேறு எழுதினாள். பிறகு அதே குரலில் வாசித்தாள்.

"மூணு வாரத்துக்கு முன்ன சார் எந்திரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னாரு. மேடம் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே சரின்னாங்க. என்ன சொன்னாங்கன்னு யாரும் கேக்கலை. ஷர்லிக்கா பயந்துக்கிட்டு நோட்டு எழுதுறத நிறுத்துனாங்க, அத யாருக்கும் சொல்லலை. அதனால செல்லமுத்து ஐயாவ யாரும் கூப்புடலை. இதுல யார் பேரையும் நான் விடலை. சரியா?"

அடேயப்பா, என்ன பெண் என்று ஷர்லி நினைத்தாள். அந்த நாலைந்து வரியில் அவளுடைய தப்பில் ஒரு சொட்டுக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் அவளைத் தனியாகவும் நிற்க வைக்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவரின் பெயரையும் அதே வரிசையில் வைத்து அவர் முகத்தைப் பார்த்துச் "சரியா" என்று கேட்க இந்த ஊரில் எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? கேட்டுவிட்டு பொற்கொடி பேனாவை எடுத்துக்கொண்டாள். பதில் வருகிற வரைக்கும் காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை.

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார், மேசையைப் பார்த்தார். கடைசியில் "சரி" என்றார். சரவணக்குமார், "உக்காந்து சொல்லிருக்கணும். தப்பு என்னுதும்தான்" என்றார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. ராத்திரி எட்டிலிருந்து காலை ஏழு வரை வருகிற போனை மட்டும் மெஷின் எடுக்கும், யார், எந்த ஊர், என்ன உபாதை என்று எழுதி வைக்கும், அவசரம் என்று சொன்னால் உடனே டியூட்டி நர்சின் போனுக்கு மாற்றிவிடும். காலையில் வந்ததும் ஷர்லி அதைப் படித்து ஒவ்வொருவரையும் கூப்பிடுவாள். நோட்டு கம்ப்யூட்டருக்குப் போகும், அதை ஷர்லிதான் ஏற்றுவாள், எது போக வேண்டும் எது போகக் கூடாது என்று அவள்தான் முடிவு செய்வாள். மகன் பேச்சு எடுக்கக் கூடாது என்பதை மெஷினிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். போன் சீட்டை என்ன செய்வது என்று சரவணக்குமார் கேட்கவில்லை. டாக்டரம்மாதான், ஷர்லி, அங்கேயே இரு, ஆனால் இன்னொரு முறை பயம் வந்தால் முதலில் என் ரூமுக்கு வா என்றார். ஷர்லி எழுந்து நின்று தலையாட்டினாள். பொற்கொடி அவளைப் பார்த்தாள். ஷர்லி வாய் திறந்து, "பயம் வந்தா ஒங்க ரூமுக்கு வாரேன் மேடம்" என்றாள்.

எல்லோரும் எழுந்தபோது பொற்கொடி இன்னொன்றும் கேட்டாள். செல்லமுத்து ஐயாவிடம் இதை யார் சொல்வது? நோயாளியிடம் போய் நாங்கள் தப்பு செய்தோம் என்று சொல்கிற வழக்கம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? சரவணக்குமார் அதில் உள்ள சிக்கலைச் சொல்லத் தொடங்கினார், டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். நான் போகிறேன் என்றாள் ஷர்லி. கூட வரவா என்று பொற்கொடி கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

ஒன்பதாம் நம்பர் மாடியில் மூலைக் கட்டில். செல்லமுத்து காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். அழகம்மாள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். ஷர்லியைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. ஆறு வருசமாகக் குரலில் பழகியவர்கள், உட்கார் உட்கார் என்று கட்டில் ஓரத்தைக் காட்டினார்கள், ஒரு சுளையை நீட்டினார்கள். ஷர்லி உட்காரவில்லை. மாடிப்படியில் ஏறும்போது தயார் செய்துகொண்டு வந்த வார்த்தை ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

"ஐயா, கட்டு மாத்த வரச் சொல்லி ஒங்களக் கூப்புட வேண்டியவ நான்தான். நான் கூப்புடலை" என்றாள்.

செல்லமுத்து கோபப்படவில்லை. ஏதோ வழக்கு ஜெயித்தவர் மாதிரி மனைவியின் பக்கம் திரும்பி, பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்றார். அழகம்மாள் ஷர்லியிடம் முறையிட்டாள். நாலு நாள் கழித்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவள் நச்சரித்தாளாம், புண் வாடை வருகிறது என்றுகூடச் சொன்னாளாம், மனுசன் அசையவே இல்லையாம். பஸ் இருந்தது, கையில் வேலை இல்லை, எல்லாம் இருந்தும் வரவில்லையாம்.

"அவ கெடக்கா" என்றார் செல்லமுத்து. "ஆறு வருசமா நீ கூப்புட்டா வாரேன் ஆத்தா. கூப்புடலைன்னா நல்லாருக்கேன்னு இருந்துக்கிறது. இந்தத் தடவை நீ கூப்புடவே இல்லியா, சரி, புண்ணு ஆறிருச்சு போல, ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு இருந்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஷர்லி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே அத்தனை பேர் முன்னால் வராத அழுகை இங்கே வந்தது, அடக்க முடியவில்லை. அழகம்மாள் பழத்தைக் கீழே வைத்துவிட்டு என்னம்மா, என்ன ஆச்சு என்று பதறி எழுந்தாள்.

"ஆறலைங்கய்யா" என்றாள் ஷர்லி. "புண்ணு ஆறலை. எனக்குப் பயமா இருந்துச்சு. அதனாலதான் நான் கூப்புடலை."